கம்பிக் கோலம் கணிப்பொறி புகுந்த வரலாறு

வாலாஜாபாத் வட்டாரத்தில் வரலாறு என்றவுடன் எல்லோர்க்கும் நினைவு வருவது கல்லெழுத்தே. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துச் சாசனங்கள், 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை, குடவோலை முறையை அதன் விதிகளோடு எடுத்துரைத்து நிற்கின்றன. அச்சுவரைச் சுட்டாமல் நம் பகுதியின் தொன்மையைப் பேசிய மேடையை நான் கண்டதில்லை. ஆயிரம் ஆண்டு நிற்பதற்கென்று வெட்டப்பட்ட அக்கோடுகளுக்கு நேர்மாறாக, வெயில் ஏறுவதற்குள் மிதிபட்டும் எறும்புக்கு உணவாகியும் அழிவதற்கென்றே இடப்படும் கோடு ஒன்று நம் வாசல்களில் நாள்தோறும் பிறக்கிறது. அதற்குச் சாசனம் இல்லை. ஆயினும் அது, பழைய செங்கற்பட்டு மாவட்டத்திற்குள்ளேயே, தாம்பரத்துக் கல்லூரி ஒன்றின் வழியாகக் கணிப்பொறிக்குள் புகுந்து உலக ஆய்வேடுகளில் இடம் பெற்றது. அவ்வரலாற்றை நம் வட்டத்தின் கவிஞர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். ஏன் கவிஞர்களுக்கு என்பது போகப்போக விளங்கும்.

முதலில் கணிப்பொறி வளைகோட்டை எவ்வாறு வரைகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். ஒரு மகிழுந்தின் முகப்பையோ ஒரு புட்டியின் கழுத்தையோ வடிவமைப்பவர் அவ்வளைவு முழுவதையும் ஒரே சமன்பாட்டில் அடக்கிவிட முடியாது. சிறுசிறு வளைதுண்டுகளை ஒன்றன் முனையில் ஒன்றாக வைத்துத் தொடுத்துக்கொண்டே போகிறார். நான்கு புள்ளிகளைக் கொடுத்தால் ஒரு துண்டு. அடுத்த நான்குக்கு அடுத்த துண்டு. இம்முறைக்கு முன்னோர் கப்பல் கட்டும் தச்சர்கள். அவர்கள் மெல்லிய மரப்பட்டியை வளைத்து, அது நழுவாதபடி ஆங்காங்கே ஈயக்கட்டிகளை வைத்து, அதன் ஓரமாகக் கோடு இழுத்தனர். அப்பட்டிக்கு ஆங்கிலத்தில் ஸ்பிளைன் என்று பெயர். 1946இல் ஷோன்பெர்க் என்னும் கணித அறிஞர் அச்சொல்லையே துண்டுகளால் இணைந்த வளைகோட்டிற்குப் பெயராக வைத்தார். பின்னர்ப் பிரான்சு நாட்டு மகிழுந்து ஆலைகள் இரண்டில் இக்கலை வளர்ந்தது. சிட்ரோன் ஆலையில் தெ காஸ்தெல்ஷோ என்பவர் 1959இலேயே வழி கண்டார். ஆலை அதை மறைபொருளாக வைத்துக்கொண்டது. ரெனோ ஆலையின் பெசியே தம் முறையை 1962இல் வெளியிட்டார். ஆகவே உலகம் அவ்வளைகோட்டிற்குப் பெசியே வளைகோடு என்றே பெயர் சூட்டிவிட்டது. ஏட்டைப் பூட்டி வைத்தவர் பெயர் பின்தங்கியது. ஏடு காத்த குடும்பங்களின் கதையை அறிந்த நமக்கு இது புதிதன்று. 1984இல் வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் அச்சுமொழி எழுத்துகளின் புறக்கோட்டையும் இத்தகைய துண்டுகளாலேயே அமைத்தது. இன்று கணிப்பொறியில் கோக்கப்படும் எந்த ‘ழ’கரத்தின் சுழியும் இவ்வாறு தைத்த துண்டுகளே.

துண்டு அமைப்பது எளிது, இணைப்பே கடினம். ஒரு துண்டின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒரே புள்ளியில் தொட்டால் மட்டும் போதாது. அங்கே முழங்கை போல மூலை விழும். இரண்டும் அப்புள்ளியில் ஒரே திசை நோக்கியிருந்தால் மூலை மறையும். அப்பொழுதும், வளைவின் அளவு திடீரென மாறுமாயின், மெருகிட்ட தகட்டின் மேல் விழும் ஒளிக்கீற்று அவ்விடத்தில் முறிந்து காட்டிவிடும். ஆகவே வளைவின் அளவும் ஒத்திருக்க வேண்டும். இதைப் படித்தபோது எனக்குத் தொல்காப்பிய எழுத்ததிகாரமே நினைவுக்கு வந்தது. நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் நோக்கியே புணர்ச்சி விதிக்கப்படுகிறது; சொல்லின் நடுவில் என்ன இருக்கிறது என்பது அங்கு வினாவே இல்லை. ‘வாழைப்பழம்’ என்பதில் ஒன்று தோன்றியது. ‘பொற்குடம்’ என்பதில் ஒன்று திரிந்தது. ‘மரவேர்’ என்பதில் ஒன்று கெட்டது. முனைகள் ஒத்துப்போவதற்காக முனைகளே மாறுகின்றன. கணிப்பொறி வல்லுநர் துண்டுகளின் முனையில் செய்வதும் இதுவே. உவமையை இதற்குமேல் நீட்டமாட்டேன், நீட்டினால் அறுந்துவிடும்.

இனி வாசலுக்கு வருவோம். சிக்குக் கோலம், நெளிக் கோலம், கம்பிக் கோலம் எனப் பல பெயரால் வழங்கும் இவ்வகையில் புள்ளிகளை இணைப்பதில்லை. புள்ளிகளைச் சுற்றி வளைகிறோம். ஒவ்வொரு புள்ளியும் வளைவுக்குள் அகப்பட வேண்டும். கோட்டிற்கு முனை இருத்தலாகாது; தொடங்கிய இடத்தில் வந்து முடிய வேண்டும். அவ்வாறு மூடிக்கொள்ளும் ஒவ்வொரு கோடும் ஒரு கம்பி. கோலத்தின் தொன்மைக்கு நாச்சியார் திருமொழியின் முதற்பதிகத்தைச் சான்று காட்டுவோர் உண்டு. தைத் திங்களில் தரையைத் தூய்மை செய்து வெண்ணிற மணலால் வீதியை அழகுபடுத்தும் காட்சி அங்கு உள்ளது உண்மை. அதையே புள்ளி வைத்த கம்பிக் கோலம் எனக் கொள்வது மிகை.

எனக்குக் கம்பிக் கோலம் கற்பித்தவர் பாலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த என் அத்தை. எழுதப் படிக்க அறியாதவர். நான் முனைவர் பட்ட ஆய்வில் மூழ்கியிருந்த ஆண்டுகளில் அவருடைய கோலத்தைத் தாண்டித்தான் நூலகத்திற்குப் போனேன். தாண்டினேன் என்பதற்குமேல் அதைக் கருதவில்லை. பின்னர் ஒரு மார்கழியில் அவரிடம் கேட்டபோது நான்கே நான்கு புள்ளியில் பாடம் தொடங்கினார். வரிசைக்கு இரண்டாக இரண்டு வரிசை. அண்டைப் புள்ளிகளுக்கு இடையே நான்கு இடைவெளிகள். ஒவ்வோர் இடைவெளியிலும் கோடுகள் குறுக்கிடுமாறு வளைத்தால், எதிரெதிர் மூலைப் புள்ளிகளை இரண்டிரண்டாகச் சூழும் இரண்டு நீள்கம்பிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ‘இதை ஒரே கம்பியாக்கு’ என்றார். எனக்கு வரவில்லை. அவர் ஓர் இடைவெளியில் மட்டும் குறுக்கிடலை அழித்தார். அங்கே வந்த கோடுகள் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தத்தம் புள்ளிப்பக்கமே மடங்கித் திரும்பும்படி இட்டார். இரண்டு கம்பிகளும் ஒன்றாகிவிட்டன. ‘இன்னொரு இடத்திலும் பிரிக்கட்டுமா’ என்றேன். ‘ஒண்ணு பிரிச்சா ஒண்ணாகும், ரெண்டு பிரிச்சா ரெண்டாகும்’ என்றார். எந்த இரண்டு இடைவெளியைப் பிரித்தாலும் அவ்வாறே ஆகிறது. விரும்புவோர் தாளில் இட்டுப் பார்க்கலாம்.

இதற்குக் கணக்கு உண்டு. நேர்ப்புள்ளிகளைச் செவ்வகமாக வைத்து எல்லா இடைவெளிகளிலும் கோடுகளைக் குறுக்கிடவிட்டால், பக்கங்களின் புள்ளி எண்ணிக்கை இரண்டையும் மீதியின்றி வகுக்கும் மிகப்பெரிய எண் எதுவோ அத்தனை கம்பிகள் வரும். மூன்றுக்கு ஐந்து வைத்தால் ஒரே கம்பி. நான்குக்கு ஆறு வைத்தால் இரண்டு. ஐந்துக்கு ஐந்து வைத்தால் ஐந்து. சதுரமாகப் புள்ளி வைப்பவர் ஒரே கம்பியை விரும்பினால் எங்கேனும் பிரித்தே ஆக வேண்டும். வெவ்வேறு கம்பிகள் இரண்டு குறுக்கிடும் இடத்தில் பிரித்தால் அவை ஒன்றாகும். ஒரே கம்பி தன்னைத்தான் குறுக்கிடும் இடத்தில் பிரித்தால் அது இரண்டாகக்கூடும். சேர்ப்பதற்காகப் பிரிப்பது என்னும் இச்சூழ்ச்சியை என் அத்தை எந்தச் சூத்திரமும் இன்றி அறிந்திருந்தார்.

தாம்பரத்துக் கதை இங்கேதான் தொடங்குகிறது. சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1837இல் தோன்றி 1937இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. அங்கே புள்ளியியல் கற்பித்த கிஃப்ட் சிரோமணி (1932–1988) தமிழர்கள் மறக்கக் கூடாத, ஆனால் தமிழ்த் துறையினர் பெரும்பாலும் அறியாத, ஓர் அறிஞர். 1963இலேயே தமிழ் உரைநடையின் எண்ட்ரபியை அளந்து கட்டுரை வெளியிட்டார். அடுத்து வரும் எழுத்து எதுவென முன்கூட்டி ஊகிக்க இயலாமையின் அளவையே எண்ட்ரபி என்பர். ஷானன் 1948இல் வகுத்த அளவை அது. அச்சிட்ட தமிழ் எழுத்துகளையும் பிராமி எழுத்துகளையும் கணிப்பொறி அடையாளம் காணும் முறைகளை அவரும் உடனுழைத்தோரும் ஆராய்ந்தனர். மாமல்லபுரச் சிற்பங்களைப் பற்றி லாக்வுட், தயானந்தன் ஆகியோருடன் சேர்ந்து எழுதிய நூல் 1974இல் வந்தது. கல்லும் எழுத்தும் கோலமும் ஒரே மனிதரின் மேசையில் இருந்தன என்பது நமக்கு ஒரு பாடம்.

அவருடைய துணைவியார் ராணி சிரோமணி கோட்பாட்டுக் கணிப்பொறியியலில் இந்தியாவின் முன்னோடிகளுள் ஒருவர். அவருடைய மாணவி கமலா கிருத்திவாசன். சாம்ஸ்கி 1950களில் மொழிக்கு வகுத்த வடிவ இலக்கணங்கள் சொற்களை ஒரே வரிசையில் பிறப்பிக்கும். அவ்வாறே படங்களைப் பிறப்பிக்கும் இலக்கணம் அமைக்க முடியுமா என்று இம்மூவரும் கேட்டனர். எண்களையும் குறிகளையும் வரிசையும் நெடுக்குமாக அடுக்கிய கட்டத்தை நம் பள்ளிக் கணித நூல்கள் அணி என்று சொல்லும். அவ்வணிகளை உண்டாக்கும் இலக்கணத்தை 1972இல் வெளியிட்டனர். ஆய்வுலகம் அதைச் சிரோமணி அணி இலக்கணம் என்றே வழங்குகிறது. தண்டியலங்காரம் நடத்தும் நான் இப்பெயரை முதன்முதல் தமிழாக்கிப் பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். பின்னர்ச் சிரிப்பு அடங்கிற்று. பொருத்தம் தற்செயல்தான், ஆனால் பொருந்துகிறது. 1974இல் வந்த அவர்களுடைய கட்டுரையின் தலைப்பிலேயே கோலம் என்னும் சொல் இடம்பெற்றது. வாசற்கோலம் அங்கே எடுத்துக்காட்டாக மட்டும் வரவில்லை. இலக்கணத்திற்கு இலக்கியமாக வந்தது. இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் இயம்பல் என்பது நம் மரபு அல்லவா?

இவ்வாய்வுகளில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது வேறொரு செய்தி. கோலத்தில் தேர்ந்த பெண்கள் ஒரு பெரிய கம்பிக் கோலத்தை எவ்வாறு நினைவில் வைக்கிறார்கள் என்று தாம்பரத்தார் சோதித்தறிந்தனர். படமாக வைப்பதில்லை; செலவாக வைக்கிறார்கள். முன்னே போ, வலப்பக்கம் திரும்பு, வலப்பக்கமாக முழுவதும் வளைந்து மீள் என்றிவ்வாறு அசைவுகளின் வரிசையாகவே நினைக்கவும் சொல்லவும் வரையவும் செய்கிறார்கள். 1967இல் குழந்தைகளுக்கென உருவான லோகோ என்னும் கணிப்பொறி மொழியைப் பின்பற்றி வந்த ‘ஆமை’யும் இப்படித்தான் நடந்து கோடு வரையும், முன்னே போ, திரும்பு என்னும் கட்டளைகளே அதற்குப் போதும். ஆக, வளைகோட்டைத் துண்டுகளாகப் பகுத்து, துண்டுக்கொரு கட்டளை வைத்து, கட்டளைகளைத் தொடுத்துக் கோலம் முடிப்பது ஆய்வாளர்கள் நம் பெண்கள் மேல் ஏற்றிய முறை அன்று. அவர்களிடமிருந்து கேட்டறிந்த முறை. தாம்பரத்தாரின் பெருமை கண்டுபிடித்ததில் இருப்பதைவிடக் கேட்டதில் இருக்கிறது என்பேன். என் அத்தையிடம் கேட்க எனக்கு ஒரு முனைவர் பட்டம் முடியும்வரை காலம் பிடித்தது.

1983இல் ராணி சிரோமணியும் கே. ஜி. சுப்பிரமணியனும் கண்ணனின் காற்சிலம்பு என்னும் பொருள்படும் பெயருடைய கோலக் குடும்பத்தை ஆராய்ந்தனர். செடிகொடிகளின் வளர்ச்சியைக் குறிக்க லிண்டன்மாயர் 1968இல் வகுத்த விதிமுறை இதற்குப் பொருந்திற்று. ஒரு குறியை எடு. அதன் இடத்தில் அதே குறி நான்கு முறை வரும் ஒரு தொடரை, இடையே செலவும் திருப்பமும் சேர்த்து, வை. மீண்டும் மீண்டும் அவ்வாறே செய். படிதோறும் சிலம்பு நான்கு மடங்கு பெருகும். கம்பி ஒன்றாகவே இருக்கும். பின்னர்ப் பிருசின்கியேவிச் முதலிய மேனாட்டுக் கணிப்பொறி அறிஞர்கள் செடிகளோடு சேர்த்துக் கோலத்தையும் தம் எழுத்துகளில் எடுத்தாண்டனர். கிஃப்ட் சிரோமணி 1988இல் மறைந்தார். மறு ஆண்டு வெளிவந்த அவருடைய நினைவு மலரில், அவரும் ராணி சிரோமணியும் ராபின்சனும் எழுதிய கம்பிக் கோலக் கட்டுரை இடம்பெற்றது. ஆங்கிலக் கட்டுரைதான், ஆயினும் ‘கம்பி’ என்னும் நம் சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே தலைப்பில் வைத்திருந்தார்கள்.

அதே 1989இல் வேறொரு திசையிலிருந்தும் ஒரு கட்டுரை வந்தது. இதனோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. மொசாம்பிக் நாட்டுக் கணித அறிஞர் பாலஸ் கெர்டெஸ் ஆப்பிரிக்காவில் அங்கோலா நாட்டு மக்கள் மணலில் புள்ளி வைத்து வரையும் சோனா என்னும் கோடுகளை ஆராய்ந்தவர்; நம் கோலத்திற்கு அவை தூரத்து உறவு போலவே தோன்றும். ஜான் லேயர்ட் என்னும் மானிடவியல் அறிஞர் 1937இல் தென்னிந்திய வாசற்கோலங்களையும் பச்சைகுத்து வடிவங்களையும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். முறியாத ஒரே கோடு இக்கலையின் குறிக்கோள் என்பது அதில் பெறப்படும் கருத்து. அதிலுள்ள கோலங்களைக் கெர்டெஸ் எடுத்துக்கொண்டார். சில கோலங்களில் பல கம்பிகள் இருந்தன. அவை தொடக்கத்தில் ஒரே கம்பியாக இருந்து, கைமாறிக் கைமாறிச் சிதைந்தவையாக இருக்க வேண்டும் என்று கருதினார். தொலைந்த ஒழுங்கை மீட்டுத் தருவதாகத் திருத்திய வடிவங்களையும் வரைந்து காட்டினார். திருத்தங்கள் அழகியவை. கருத்து கூர்மையானது. பாடபேதம் பார்த்த நமக்கு இம்முறை நன்கு தெரிந்ததே: யாப்புக் கெட்டால் படியெடுத்தவன் பிழை எனக் கொண்டு மூலத்தை ஊகித்து நிரப்புகிறோம்.

ஆனால் யாப்புக் கெட்டதா, அது வேறு யாப்பா என்று முதலில் கேட்க வேண்டும். ஒருமுறை அத்தையிடம், இரண்டு கம்பி வந்தால் கோலம் தவறா என்று கேட்டேன். ‘ஏண்டி, ரெண்டு கம்பின்னா என்ன குறை? புருஷன் பெஞ்சாதியாட்டம் பின்னித்தானே கெடக்குது’ என்றார். ஒரே கம்பியில் முடிந்தால் அவர் மகிழ்வார், அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டும் காட்டுவார். அதற்காக மற்றதை அழித்ததில்லை. நம் ஊர்ப் பெண்கள் ‘இது ஒரு கம்பி’, ‘இது மூணு கம்பி’ என்று சொல்லும்போது வகையைச் சொல்கிறார்கள், தரத்தைச் சொல்வதில்லை. ஆசிரியப்பாவை வெண்பாவின் சிதைவு என்று எவரும் சொல்வதில்லை. ஒரு முறைமையின் மிகக் கடினமான வடிவத்தையே அதன் மூல வடிவமாகக் கொள்வது புலமையாளர்க்கு எளிதில் நேரும் சறுக்கல். நானும் செய்யுள்களில் பலமுறை சறுக்கியிருக்கிறேன். தாம்பரத்தார் இச்சறுக்கலுக்கு ஆளாகவில்லை. கம்பிகள் எத்தனையோ அத்தனையையும் ஏற்று, அவற்றுக்கும் இலக்கணம் தேடினர். இவ்வழக்கில் என் வாக்கு தாம்பரத்திற்கும் பாலாற்றங்கரைக்குமே.

பிற்கால வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மார்சியா ஆஷர் 2002இல் அமெரிக்க அறிவியல் இதழ் ஒன்றில் கோல மரபைப் பொதுவாசகர்க்கு அறிமுகம் செய்தார். ஜப்பான் நாட்டு யானகிசாவாவும் நகாத்தாவும் 2007இல் கோல வடிவமைப்பு முறையைக் கணித நோக்கில் ஆராய்ந்து எழுதினர். திமதி வேரிங் 2012இல் கம்பிக் கோலத்தைக் கையசைவுகளின் தொடராக எழுத்திற் குறிக்கும் ஒரு முறையை வெளியிட்டார். ஓரசைவுக்கு ஒரு குறி. அம்முறையைக் கொண்டு, கொடைக்கானல் பகுதிப் பெண்கள் வரைந்த கோலங்களின் எண்ட்ரபியை அவரும் பிறரும் அளந்த ஆய்வு 2021இல் வந்தது. தமிழ் உரைநடைக்கு 1963இல் சிரோமணி பயன்படுத்திய அதே அளவை, அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, அவர் விரும்பிய கோலத்தின்மேல் வைக்கப்பட்டது. ராணி சிரோமணி 2019இல் காலமானார்.

இக்குறியீடுகளில் கம்பி முழுமையாக இருக்கிறது. ஒன்று மட்டும் தெரிவதில்லை. ஒரே கம்பிக் கோலத்தை எவரும் ஒரே இழுப்பில் முடிப்பதில்லை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே நழுவும் மாவு பாதி வழியில் தீர்ந்துவிடும். குனிந்த இடுப்பு நிமிர வேண்டும். கிண்ணத்தில் கை விட்டு மீள வேண்டும். சிலர் ஒரு பக்கத்து வளைவை இட்டு, அதே வளைவை மற்ற மூன்று பக்கமும் சுற்றிவந்து இட்டு, இறுதியில் நான்கையும் இணைப்பர். முறியாத கோடு என்பது கோலத்தின் இயல்பே அன்றிக் கையின் இயல்பு அன்று. இணைப்பு தெரியாமல் இருப்பதே கைத்திறம். அத்தை அதற்கும் விதி வைத்திருந்தார். மாவு தீர்ந்த இடத்திலேயே அடுத்த பிடியைத் தொடங்கினால் அங்கே புடைத்துக்கொள்ளும் அல்லது இடைவெளி விழும். ‘முடிஞ்ச எடத்துல தொடங்காதே, அரை விரல் பின்னாடி போய், போட்ட கோட்டு மேலயே தூவாம கையை ஓட்டிட்டு வா, கை ஓட்டம் வந்தப்புறம் மாவை விடு’ என்பார். முந்தைய துண்டின் திசையையும் வளைவையும் கை முதலில் வாங்கிக்கொள்கிறது. மாவு பின்னரே விழுகிறது. வரும் மார்கழியில் யார் வாசலிலேனும் நின்று, மாவு தீர்ந்த இடம் எதுவெனத் தேடிப் பாருங்கள்.